ஓடுகிறது, ஆனால் கத்துகிறது

உங்கள் கார் கடைசியாகக் கத்தியபோது என்ன செய்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினீர்கள். கண்ணாடியை ஏற்றினீர்கள். இரண்டு தெரு தாண்டியதும் கீச்சென்ற சத்தம் நின்றது, நீங்களும் மறந்துபோனீர்கள். சத்தம் நின்றால் பழுதும் நின்றுவிட்டது என்று நம்புகிறவர்கள் நம்மில் ஏராளம். அவர்களில் சிலர் அதிகாரிகளாகவும் இருக்கிறார்கள்.

காதக்கா அப்படி நம்பாதவர். ஐம்பத்தொரு வயது. சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டு வாசலிலிருந்து ஏற்றி, மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுவந்து, நான்கு மணி நேரம் கழித்துத் திரும்ப வீட்டில் இறக்கிவிடும் வேனைப் பதினாறு வருடமாக ஓட்டுகிறார். அப்பா வைத்த பெயர் வேறு. மருத்துவமனையில் அதைச் சொல்லி விசாரித்தால், பிள்ளை பெற வந்த யாரோ என்று நினைத்து உங்களைப் பிரசவ வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

காது என்ற பட்டம் கேலியாக வந்தது. மற்ற ஓட்டுநர்கள் சாவியைத் திருகியதும் கிளம்பிவிடுவார்கள். இவர் சாவியைத் திருகிவிட்டு இறங்குவார். பானட்டைத் தூக்கி, தலையைச் சாய்த்து, ஒரு நிமிடம் நிற்பார். தொட மாட்டார், பேச மாட்டார். பிறகு மூடிவிட்டுக் கிளம்புவார்.

"என்னக்கா, வண்டி ரகசியம் சொல்லுதா?" என்று பக்கத்து வண்டி ஓட்டுநர் ஒருநாள் சீண்டினார்.

"ஆமா, உன்னப் பத்தித்தான். கிளச்ச மிதிக்கிறானா, கரப்பான்பூச்சிய மிதிக்கிறானான்னு கேக்குது."

அன்றோடு கேலி குறைந்தது. பட்டம் மட்டும் நின்றுவிட்டது.

கேட்கிற பழக்கம் வீட்டிலிருந்து வந்தது. கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே காலால் மிதிக்கிற பழைய தையல் மெஷின் ஒன்று உண்டு. கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம், இரண்டையும் சேர்க்க ஒரு தோல் பெல்ட். பெல்ட் தளர்ந்தால் கால் ஓடும், ஊசி ஓடாது. மேல் சக்கரம் கோணியிருந்தால் பெல்ட் ஒரு பக்கமாக உரசி உரசித் தேயும், புதுசு மாட்டினாலும் மூன்று மாதம்தான். கல்யாணமான புதிதில் அவர் மெஷின் மிதிக்கும்போது, அடுப்பில் இருந்தபடியே, "மேல் சக்கரம் ஆடுது பாருங்க" என்று காதக்கா குரல் கொடுப்பார். கணவருக்கு எரிச்சலாக வரும். போய்ப் பார்த்தால் ஆடும். அதனால் இன்னும் எரிச்சல் வரும்.

வேனில் இருப்பதும் அதே ஏற்பாடுதான், கொஞ்சம் நீளம் அதிகம். ஓர் ஆள் உயரத்தைவிட நீளமான ரப்பர் பெல்ட். உட்பக்கத்தில் நீளவாக்கில் ஆறு வரிகள். எல்லோரும் அதை ஃபேன் பெல்ட் என்கிறார்கள். அந்த வேனில் ஃபேனைச் சுற்றுவது தனி மோட்டார். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பெயரை மாற்ற யாருக்கும் நேரமில்லை. இந்த ஒரே பெல்ட் நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை ஓடவிடும் பம்ப். ஸ்டியரிங்கை லேசாக்கும் பம்ப். ஏ.சி. பெல்ட் அறுந்தால் நான்கும் ஒரே நொடியில் வேலைநிறுத்தம் செய்யும். முன்னறிவிப்பு இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது பொய். பெல்ட் வாரக்கணக்கில் முன்னறிவிப்புக் கொடுக்கும். காலையில் கீச்சென்று கத்துவதற்குப் பெயர் அதுதான்.

காதக்காவின் வேன் ஒரு திங்கட்கிழமை காலையில் கத்த ஆரம்பித்தது.

மருத்துவமனையில் ஒவ்வொரு வண்டிக்கும் தினமும் காலையில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் இரண்டே கட்டங்கள். "ஓடுகிறது", "ஓடவில்லை". ஏதாவது ஒன்றில் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு, வாகன அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வண்டியை எடுக்கலாம். "ஓடவில்லை" என்று அடித்தால் வண்டி கொட்டகைக்குள் போய்விடும்; அன்று அந்த வண்டியில் வரவேண்டிய நோயாளிகளுக்கு வண்டி இல்லை. டயாலிசிஸ் ஒருநாள் தவறினால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். ஆகவே எந்த ஓட்டுநரும் இரண்டாவது கட்டத்தைத் தொடுவதில்லை. ஒருநாளும் பழுதாகாத வண்டிகள் என்று அந்தப் பிரிவுக்குப் பாராட்டுச் சான்றிதழே உண்டு. அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

காதக்கா "ஓடுகிறது" என்பதில் டிக் அடித்தார். இடது ஓரத்தில் பேனாவால் எழுதினார்: "ஆனால் கத்துகிறது."

அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"இது என்னம்மா ஓரத்துல?"

"சத்தம் வருது சார். பெல்ட் பக்கம்."

"வண்டி ஓடுதா, ஓடலையா?"

"ஓடுது சார். ஆனா..."

"ஆனாவுக்குக் கட்டம் இல்லம்மா."

மறுநாளும் காதக்கா ஓரத்தில் எழுதினார். அதற்கு மறுநாளும் எழுதினார். கொட்டகையிலிருந்த ஃபிட்டரைக் கூட்டிவந்து காட்டினார். ஃபிட்டர் நல்ல வேலைக்காரர். ஒரு திருகாணி மாற்றக்கூட மேலே கையெழுத்து வாங்க வேண்டியவர். காதக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின் வரிப்பக்கத்தில் எட்ட நின்றபடி கொஞ்சம் தெளித்தார். சத்தம் சட்டென்று அடங்கியது. இருவரும் காத்திருந்தார்கள். ஐந்தாறு மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்தது.

"தண்ணி பட்டதும் சத்தம் கூடியிருந்தா பெல்ட் தளர்வு. அடங்கிட்டுத் திரும்பி வருதே, அப்ப?" என்றார் காதக்கா.

"புல்லி கோணிடுச்சு. ஐட்லர் புல்லி பேரிங் போயிருக்கும்க்கா," என்றார் ஃபிட்டர். பெல்ட்டைத் திசைதிருப்பி வழிகாட்டுகிற சின்னச் சக்கரம்தான் அந்த ஐட்லர். "பெல்ட் மட்டும் மாத்திப் பிரயோசனம் இல்ல. புல்லியும் மாத்தணும்."

"எழுதிக் கொடு."

"கொடுப்பேன். படிவத்துல 'ஓடவில்லை'ன்னு இருந்தாத்தான் பாகம் தருவாங்க."

"ஓடவில்லைன்னு அடிச்சா ஆறு பேருக்கு ரத்தம் சுத்தமாகாது."

"அப்ப ஓடும்," என்றார் ஃபிட்டர். அந்த அலுவலகத்தில் இதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

முப்பத்தொரு காலை ஓடியது. முப்பத்தொரு ஓரக் குறிப்புகள்.

வேனில் காதக்காவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரே ஆள்தான் உட்காருவார். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று சொல்லி முன் இருக்கையைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியதுபோல வைத்திருந்த முன்சீட்டம்மா. நீதிமன்றத்தில் முப்பத்தைந்து வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். அடித்ததில் ஒரு பிழை கிடையாது என்று அவரே சொல்வார். மறுத்துச் சொல்ல ஆள் உயிரோடு இல்லை. காதக்கா படும் பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல், அவருக்கு உதவுவதாக நினைத்து, அதிகாரிக்கு ஒரு கடிதம் அடித்தார். "வேனிலிருந்து எழும் சத்தம் நோயாளிகளுக்குப் பெரும் இடைஞ்சலாக உள்ளது. சத்தத்தை நிறுத்த உடனடியாக ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அதிகாரி உடனடியாக ஆவன செய்தார். சத்தத்தை நிறுத்தினார்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை துவைக்கிற சோப்புக் கட்டி இருக்கிறது. அதை எடுத்துப் பெல்ட்டில் தினமும் தேய்க்கும்படி ஃபிட்டருக்கு உத்தரவு போனது. ஓட்டுநர்கள் வட்டாரத்தில் இது பழைய வித்தை. சோப்புப் பட்ட பெல்ட் கத்தாது. அது பிடிப்பை இழந்து புல்லியின் மேல் சத்தமில்லாமல் வழுக்கும், வழுக்குகிற ரப்பர் சூடாகும், சூடானது கண்ணாடிபோல மின்னி இறுகும், இறுகியது வெடிக்கும். காய்ச்சலில் முனகுகிறவரின் வாயில் துணியை அடைத்துவிட்டு நோய் தீர்ந்தது என்று எழுதுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று அதிகாரியிடம் கேட்டிருக்கலாம். மருத்துவமனை என்பதால் அவர் சந்தேகம் கேட்க ஆட்களும் இருந்தார்கள்.

"சார், இது மருந்து இல்ல. வண்டியோட வாயக் கட்டுறோம்," என்றார் காதக்கா.

"இப்ப சத்தம் வருதா?"

"வரல."

"அப்புறம் ஏன் நீங்க சத்தம் போடுறீங்க?"

அன்றைய படிவத்தின் ஓரத்தில் காதக்கா எழுதினார்: "ஓடுகிறது. கத்தவில்லை. சோப்புப் போட்டிருக்கிறார்கள்."

அதன் பிறகு அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். பெல்ட்டின் சுமை குறையட்டும் என்று ஏ.சி.யை அணைத்தே ஓட்டினார். நோயாளிகள் வியர்த்து அவரைத் திட்டினார்கள். வாங்கிக்கொண்டார்.

பதினோராவது சோப்புக் காலையில், தானியக் கிடங்குச் சுவரை ஒட்டி மேடு ஏறும்போது, பானட்டுக்குள் யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல ஒரு சத்தம். பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. ஸ்டியரிங் கல்லாகிப்போனது. காதக்கா இரண்டு கையாலும் அதை இழுத்து ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டார். அறுந்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் நூறு அடிகூட இராது.

"ஏம்மா, இன்னும் ரெண்டு தெருதானே? மெதுவா உருட்டிட்டுப் போயிடலாமே," என்றார் முன்சீட்டம்மா.

"தண்ணி பம்ப் நின்னுடுச்சும்மா. ரெண்டு தெரு ஓட்டினா இன்ஜின் வெந்துடும். அப்புறம் உங்களுக்கு இந்த வண்டியே இருக்காது."

வேறு வண்டி வர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஆறு நோயாளிகளும் கிடங்குச் சுவரின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் உயிர் போகவில்லை. அதனால் எந்தச் செய்தித்தாளிலும் இது வரவில்லை.

காத்திருந்த நேரத்தில் காதக்கா பானட்டுக்குள் கைவிட்டு, அறுந்த பெல்ட்டைத் துண்டும் நாருமாக வெளியே இழுத்தார். கணவர் கடைத் துணிப்பை ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கும். அதில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அவருக்கு ஒரு தாள் வந்தது. கவனக்குறைவாக ஓட்டி வண்டியின் பெல்ட்டை அறுத்ததற்கும், நோயாளிகளின் உயிருக்கு ஆபத்து விளைவித்ததற்கும் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் விசாரணை. குற்றம் உறுதியானால் ஓட்டுநர் வேலை போகும். இனிப் பணிக்காலம் முடியும்வரை சலவைக்கூடத்தில் வேலை.

அதிகாரி அவரைத் தனியாகப் பார்த்து ஆறுதல் சொன்னார். "எல்லாம் நேரம்மா. உங்களுக்கு நேரம் சரியில்ல. பொம்பளைங்களுக்கு இந்தப் பெரிய வண்டி எதுக்குன்னு மேலேயும் கேக்கறாங்க. ஒத்துக்கிட்டா லேசா முடிச்சுடலாம்."

நேரம் ரப்பரை அறுத்ததாக எந்த ஆய்வும் சொல்லவில்லை. சூடும் உராய்வும் அறுக்கும். ஆனால் சூட்டுக்கும் உராய்வுக்கும் பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும், நேரத்துக்கு வேண்டாம். அதிகாரம் உள்ளவர்களுக்கு விதியின் மேல் இவ்வளவு பக்தி இருப்பதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. கஷ்டப்படுகிறவர்கள் விதியை நொந்துகொள்வதையாவது புரிந்துகொள்ளலாம். கஷ்டப்படுத்துகிறவர்களும் அதையே சொல்லும்போதுதான் கை துறுதுறுக்கிறது.

காதக்கா அழவில்லை. நாற்பத்திரண்டு நாள் படிவங்களையும் காட்டச் சொல்லிக் கேட்டார். கோப்பைக் கொடுத்தார்கள். எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தன. கோப்பில் கோக்க இடது ஓரத்தில் இரண்டு துளை போட்டிருந்தார்கள். துளைகள் அவருடைய எழுத்தின் மேல் விழுந்திருந்தன. எஞ்சியதைக் கயிற்றுக்கடியில் தேடிப் படித்தால், "ஆ", கொஞ்சம் வெற்றிடம், "கத்", மறுபடி வெற்றிடம், "றது" என்று இருந்தது. ஒன்றல்ல, முப்பத்தொன்றும் அப்படி. சோப்புக் காலைகளின் பதினொன்றிலும் எழுத்தின் மேல் துளைதான். துளை போட்டவர் மேல் தப்பில்லை. ஓரம் இருப்பதே துளை போடத்தான்.

வீட்டுக்கு வந்து துணிப்பையைக் கணவரின் வெட்டுமேசையில் கவிழ்த்தார். கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெல்ட்டை விரலால் நீவிப் பார்த்தார். ஒரு பக்க ஓரம் நார் நாராகப் பிரிந்திருந்தது; மறுபக்கம் ஒழுங்காக இருந்தது.

"சக்கரம் ஆடியிருக்கு," என்றார்.

"அத நான் நாப்பத்திரெண்டு நாளா சொல்றேன்."

"என்கிட்ட இருபத்தாறு வருஷமா சொல்ற. நான் கேட்டேனா?" என்றவர் பெல்ட்டை மூக்கருகே கொண்டுபோனார். "இத யாரு துவைச்சது?"

காதக்கா அதை வாங்கித் தானும் முகர்ந்து பார்த்தார். பிறகு பெல்ட்டை ஒரு துண்டில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். கணவர் தன் புதுச் சட்டைத் துணிகளைக்கூட அந்த அலமாரியில் வைத்துப் பூட்டியதில்லை.

விசாரணைக் குழுவில் இரண்டு பேர். தலைமை, கணக்குப் பிரிவின் மூத்த அலுவலர். கூட ஒரு பல் மருத்துவர். அன்று பல் பிடுங்க யாரும் வராததால் அவரை உட்கார வைத்திருந்தார்கள். மேசையில் தண்ணீர்க் கூஜாவும் மூன்று கண்ணாடி டம்ளர்களும் இருந்தன. அதிகாரி ஒரு பக்கம், காதக்கா ஒரு பக்கம். முன்சீட்டம்மா சாட்சி சொல்வேன் என்று பிடிவாதமாக வந்து, சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நாப்பத்திரெண்டு நாளும் 'ஓடுகிறது'ன்னு நீங்களே டிக் பண்ணியிருக்கீங்க," என்றார் மூத்த அலுவலர்.

"ஓரத்துல எழுதியிருக்கேன் சார்."

அவர் கோப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "ஓரத்துல ஓட்டைதானே இருக்கு?"

"அந்த ஓட்டையிலதான் எழுதியிருந்தேன் சார்."

காதக்கா துண்டைப் பிரித்துப் பெல்ட்டை மேசைமேல் வைத்தார். மூத்த அலுவலர் செத்த பாம்பைப் பார்ப்பதுபோல நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பல் மருத்துவர் மட்டும் முன்னால் குனிந்தார். அதுவரை அவர் வாயைத் திறக்கவில்லை. பெல்ட்டின் ஆறு வரிகளையும் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கே. இது கடிச்சுத் தேஞ்சதில்ல. கடி சரியா உக்காராம தேஞ்சது. எதிர்ப்பல்லு கோணலா இருந்தா இப்படித்தான் தேயும்."

"எதிர்ப்பல்லு புல்லி சார். அது கோணினதாலதான் கத்துச்சு."

"வேகமா ஓட்டினா?"

"வேகமா ஓட்டினா ரெண்டு பக்கமும் தேயும் சார்."

பல் மருத்துவர் தலையாட்டினார். அதிகாரி குறுக்கிட்டார். "பெல்ட்டப் பராமரிக்க நாங்க எல்லா நடவடிக்கையும் எடுத்திருக்கோம் சார்."

"ஆமா சார், எடுத்திருக்காங்க," என்று சொல்லிவிட்டு, காதக்கா ஒரு டம்ளரை எடுத்துப் பெல்ட்டின் வரிகள்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். பெருவிரலால் மேலும் கீழும் தேய்த்தார்.

பெல்ட் நுரைத்தது.

முதலில் கறுப்பாக, பிறகு சாம்பல் நிறமாக, பிறகு வெள்ளையாகவே நுரை வந்தது. அறை முழுக்கத் துவைத்த போர்வை வாசனை. மூத்த அலுவலர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"நுரை சார்."

"அது தெரியுது. பெல்ட்ல எப்படி நுரை?"

வாசலில் நின்றிருந்த ஃபிட்டரை உள்ளே கூப்பிட்டார்கள். சோப்பு யார் போடச் சொன்னது என்று கேட்டார்கள். அவர் அதிகாரியைப் பார்த்தார். அவருக்கும் வீடு வாசல், பிள்ளை குட்டி உண்டு. சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சலவைக்கூடத்திலிருந்து பொருள் பெறும் சீட்டு. "சலவைச் சோப்பு, மூன்று கட்டி, வாகனப் பிரிவுக்கு." கீழே அதிகாரியின் கையெழுத்து. புல்லி வாங்கத்தான் படிவத்தில் கட்டம் இல்லை. சோப்பு வாங்க இருந்தது.

"நோயாளிங்க புகார் கொடுத்தாங்க சார். சத்தத்த நிறுத்தச் சொல்லி," என்றார் அதிகாரி.

சுவரோரம் முன்சீட்டம்மா எழுந்தார். எழுந்திருக்கச் சிறிது நேரம் பிடித்தது, எல்லோரும் காத்திருந்தார்கள். "சத்தத்த நிறுத்தச் சொன்னது நான்தான். முப்பத்தஞ்சு வருஷத்துல நான் அடிச்ச முதல் பிழை அது. காரணத்த நிறுத்தச் சொல்லியிருக்கணும். திருத்தம் கொண்டுவந்திருக்கேன்." கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். கீழே இருபத்துமூன்று நோயாளிகளின் கையெழுத்து. சிலருக்குக் கை நடுங்கியிருந்தது. ஓரத்தில் யாரும் எழுதவில்லை; எல்லாம் தாளின் நட்டநடுவில் இருந்தன.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. ஓட்டுநர் மீது குற்றம் இல்லை. அவர் அதே வண்டியை ஓட்டலாம். பெல்ட் "அளவுக்கு மீறிய தூய்மையின் காரணமாக" அறுந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரி இல்லை. அதிகாரி அதே நாற்காலியில் இருக்கிறார். பின்னால் அதே சான்றிதழ். வண்டி உண்மையிலேயே ஓடாமல் நின்றுவிட்டதால், புல்லி, பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாம் இரண்டே நாளில் வந்து சேர்ந்தன.

முன்சீட்டம்மாவின் திருத்தத்துக்குப் பயன் இல்லாமல் போகவில்லை. படிவத்தை மறுபடி அச்சடித்தார்கள். இப்போது மூன்று கட்டங்கள். மூன்றாவது: "ஓடுகிறது, ஆனால்". அதன் பக்கத்தில் எழுத ஒரு கோடு. கோட்டின் நீளம் பெருவிரல் அகலம். காதக்கா இப்போது மிகப் பொடியாக எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார். காலையில் இன்னமும் பானட்டைத் தூக்கி, தலையைச் சாய்த்து நிற்கிறார். பக்கத்து வண்டி ஓட்டுநரும் இப்போது நிற்கிறார். என்ன கேட்க வேண்டும் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை, ஆனாலும் நிற்கிறார்.

உங்களிடம் கார் இருந்தால் நாளைக் காலை, இன்ஜினைக் கிளப்புவதற்கு முன், பானட்டைத் திறந்து ஒரு விளக்கைப் பிடித்துப் பெல்ட்டைப் பாருங்கள். ஓரம் நாராகப் பிரிந்திருக்கிறதா, வரிகள் கண்ணாடிபோல மின்னுகின்றனவா என்று பாருங்கள். கத்தினால் சோப்பைத் தேடாதீர்கள். காரே இல்லாதவரா? உங்களை ஏற்றிப்போகும் வண்டியின் ஓட்டுநரிடம், பணம் கொடுக்கும் முன், இறங்கும் முன், "வண்டில ஏதாவது சத்தம் வருதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வருகிறது என்று அவர் சொன்னால், அவர் முதலாளிக்கு நீங்கள் எழுதுங்கள். தாளின் நடுவில் எழுதுங்கள். ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.